ஏர்கன் மேல் பழி போடும் முன்: பழைய பெல்லட், சைஸ் மாறிய பெல்லட் தரும் தொந்தரவுகள்

மாசியில் திருவொற்றியூர் பிரம்மோற்சவம் நெருங்கினால் எனக்கு வேலை கூடிவிடும். மகிழடி சேவைக்கு வரும் கூட்டத்தை நம்பி பலூன் சுடும் கடை போடுகிறவர்கள், ஒரு வருஷமாகப் பரணில் கிடந்த ஏர்கன்னை இறக்கி, ராயபுரத்தில் இருக்கும் என் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாசலிலேயே தீர்ப்பு வந்துவிடும்: "ஸ்பிரிங் போச்சுண்ணே, மாத்தி குடு." நான் துப்பாக்கியை வாங்குவதற்கு முன் பெல்லட் டப்பாவைக் கேட்பேன். பெல்லட் என்றால் ஏர்கன்னில் போடும் சின்ன ஈயக் குண்டு. "அது எதுக்குண்ணே?" என்பார்கள். பத்தில் பாதி ரிப்பேர் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

இது தொழில் ஆரம்பித்த புதிதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு துப்பாக்கிக்கு ஸ்பிரிங் மாற்றி, பிஸ்டன் வாஷர் மாற்றி, இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அடி அப்போதும் சிதறியது. கடைசியில் பார்த்தால், டப்பாவில் இரண்டு கம்பெனி பெல்லட்டை யாரோ கலந்து விற்றிருக்கிறார்கள். ஸ்பிரிங் காசு என் கையிலிருந்து போனது.

கீழே இருப்பதெல்லாம் 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குல ஏர்கன்னுக்கு மட்டும். வெடிமருந்து வைத்த தோட்டாவை வீட்டில் ரீலோட் செய்வது, அதாவது சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். அந்தப் பக்கம் நான் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள். ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயமும் இதுவேதான்: பெயர் ஒன்று, அளவு ஒன்று. 303 ரைபிள் என்கிறோம், அதன் குண்டை அளந்தால் 0.311 அங்குலத்துக்குக் குறையாது. நம் பெல்லட்டும் அப்படித்தான். டப்பாவில் பெரிய எழுத்தில் 4.5 என்று இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில், ஸ்டிக்கரில், 4.49, 4.50, 4.51, 4.52 என்று இன்னொரு எண் இருக்கும். அதுதான் தலையின் உண்மையான அளவு. மலிவு டப்பாக்களில் அந்த எண்ணே இருக்காது.

பெல்லட்டுக்குத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பாகம். பேரலுக்குள் பெல்லட்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள் இருக்கும், அதுதான் ரைஃப்லிங்; தலை அந்த வரிகளின் மேல் சவாரி செய்யும். பின்னால் விரிந்த பாவாடை, காற்று அடித்ததும் இன்னும் விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் எந்தத் தொந்தரவு வரும் என்று சொல்லிவிடலாம். நமக்கு முதலில் தெரிவது தொந்தரவுதான், அதனால் அங்கிருந்தே வருவோம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. பேரலை மடக்கிப் பார்க்கும்போது ஸ்பிரிங் ஏறாத அளவு மட்டும் மடக்குங்கள். ஏறிவிட்டால் ஒரு கை பேரலை விடவே கூடாது. ட்ரிக்கர் தெரியாமல் பட்டால் பேரல் பளீரென்று மூடும். விரல் நடுவில் இருந்தால் அதோடு போச்சு.

விரலை எடுத்ததும் பெல்லட் உள்ளே நழுவுகிறது, அல்லது கீழே விழுகிறது

தலை சின்னது. நல்ல பெல்லட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சின்ன மறுப்பு இருக்கும், பிறகு பாவாடையின் விளிம்பு, பேரலில் பெல்லட் போடும் பின்வாயோடு சமமாக உட்காரும். மறுப்பே இல்லாமல் போனால், சுடும்போது காற்று பக்கவாட்டில் தப்பிவிடும்.

இதை அலட்சியமாக விடாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்பிரிங் ஏர்கன்னில் பிஸ்டன் முன்னால் பாயும்போது, பெல்லட்டுக்குப் பின்னால் இறுகும் காற்றுதான் அதற்கு மெத்தை. பெல்லட் லூசாக இருந்தால் மெத்தை கிடையாது. பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முகத்தில் போய் மோதும். வெறும் துப்பாக்கியைச் சுடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு திருவிழாவில் ஆயிரக்கணக்கான அடி. அப்புறம் நிஜமாகவே ஸ்பிரிங் போய்விடும், கடைக்காரர் சொன்ன தீர்ப்பு பலித்துவிடும்.

வழி: ஒரு எண் பெரிய தலை வாங்குங்கள். 4.49 நழுவினால் 4.50 பாருங்கள். கையில் இருப்பதையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் பாவாடையை லேசாக விரிக்கலாம். பால்பாயின்ட் பேனாவின் கூம்பு முனையைப் பாவாடைக்குள் விட்டு, அழுத்தாமல், கால் சுற்று திருப்ப வேண்டும். ஈயம் வெண்ணெய் மாதிரி, கொஞ்சம் கூடினாலும் பாவாடை ஒரு பக்கம் கோணிவிடும். இது பலூனுக்கு ஓடும். தாளில் மார்க் எடுக்க வேண்டியவருக்கு இந்த வேலையே வேண்டாம், பாவாடையைச் சரிசெய்யலாமே தவிரத் தலையைப் பெரிசாக்க முடியாது.

பெல்லட் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது

தலை பெரியது, அல்லது பாவாடை நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டது, அல்லது ஈயத்தின் மேல் வெள்ளைப் பூச்சு படர்ந்திருக்கிறது. வெள்ளைப் பூச்சுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, சிரிக்கக் கூடாது. 5.5 மில்லிமீட்டர் டப்பாவை வாங்கி வந்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் திணித்த ஒருவரை எனக்குத் தெரியும். டப்பாவில் 0.22 என்றிருந்தால் அது நம் துப்பாக்கிக்கு இல்லை.

இறுக்கமான பெல்லட் அழுத்தமாக உட்காருகிறது, அதனால் வேகமாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது தலைகீழ். பெல்லட் கிளம்பத் தாமதிக்கும், அதற்குள் இறுகிய காற்று பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், வேகம் குறையும். அதுவும் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு மாதிரிக் குறையும்.

தலை கொஞ்சம்தான் பெரியது என்றால் அளவுத் துளை வழியாகத் தள்ளி எடுக்கலாம். ஒரு இரும்புத் துண்டில் லேத் பட்டறையில் துளை போட்டு, ரீமர் விட்டு 4.50-க்கு வழவழப்பாக்கித் தரச் சொல்லுங்கள். நான் வியாசர்பாடியில் செய்து வாங்கினேன். தலை முன்னால் இருக்கும்படி வைத்து, தட்டையான முனையுள்ள பித்தளைக் குச்சியால் ஒரே சீராகத் தள்ள வேண்டும். ஒன்று மறக்காதீர்கள், அதே துளை பாவாடையையும் சுருக்கிவிடும். பலமில்லாத துப்பாக்கியில் அந்தப் பாவாடை மறுபடி விரியாமல், இப்போது லூசு பெல்லட்டாக மாறிவிடும். அதனால் தள்ளியதும் பேனா முனை வைத்தியம் ஒரு முறை. ஐம்பது பெல்லட் செய்தாலே கை ஓய்ந்துவிடும். நான் இப்போதெல்லாம் செய்வதில்லை.

ஒரே டப்பா, ஒரே கை, ஆனால் அடி சிதறுகிறது

பத்து மீட்டர் ரைபிள் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் கொண்டுவரும் புகார் இதுதான். அவர்களுடைய தாளில் பத்துக்கான புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனாவில் ஒரு புள்ளி வைத்த மாதிரி. ஒன்பதாம் வளையமே 5.5 மில்லிமீட்டர்தான். அங்கே பெல்லட்டின் குற்றம் நேராக மார்க்கில் தெரியும்.

முதலில் எல்லோரும் டிஜிட்டல் வெர்னியரை எடுப்பார்கள். வேண்டாம். திரையில் 4.50 என்று காட்டும், ஆனால் அந்தக் கருவியே 0.02 முன்பின் காட்டக்கூடியது. நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. போதாக்குறைக்கு அதன் தாடை மெல்லிய ஈயத்தை நசுக்கியும் விடும். அளந்தே தீருவேன் என்றால், பின்னால் டிக் டிக் என்று நழுவும் ராட்செட் வைத்த மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள்.

காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேஜையில் வைத்து, ஒரு பக்கத்துக்குக் கீழே தீப்பெட்டி வையுங்கள். மேலே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் பெல்லட்டைப் படுக்க வைத்து விடுங்கள். தள்ளாதீர்கள், விடுங்கள். பாவாடை அகலம், தலை குறுகல், அதனால் அது நேராக உருளாது. தலைப்பக்கம் வளைந்து ஒரு அரிவாள் வளைவில் போய் நிற்கும். பத்து பெல்லட் விட்டால் எட்டு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். தலை கொஞ்சம் பெரியது வளைவைப் பெரிதாக்கிக்கொண்டு தூரமாகப் போகும், சின்னது சீக்கிரமே திரும்பிவிடும். பாவாடை நசுங்கியது தத்தித் தத்தி, நொண்டி ஆட்டம் போல வரும். அதைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் டப்பாவைக் குலுக்கி விளையாடுவதில்லை.

கலந்த டப்பா என்று சந்தேகம் வந்தால் எடை போடுங்கள். ரைபிள் போட்டிக்கான தட்டைத்தலை பெல்லட் 0.53 கிராம் வாக்கில் இருக்கும், பிஸ்டலுக்கானது 0.45 வாக்கில். கிராமில் மூன்று தசமம் காட்டும் தராசு வேண்டும். சௌகார்பேட்டை பக்கம் வைரம் நிறுப்பவர்கள் வைத்திருக்கும் ரகம் அது. சமையலறைத் தராசில் மூச்சு விட்டாலே எண் மாறும். இந்த இரண்டு ரகமும் ஒரே டப்பாவில் இருந்தால், லேசானது மேலேயும் கனமானது கீழேயும் அடித்துத் தாளில் இரண்டு கூட்டம் விழும். ஒரே கூட்டம் பொதுவாக விரிந்தால் தலையளவைச் சந்தேகிக்கலாம். மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்து நின்றால் எடை.

அப்புறம், பேரலுக்கு எந்த எண் பொருந்தும் என்று அந்தப் பேரல்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனின் துப்பாக்கிக்கு 4.50 நன்றாக இருந்தால் உங்களுடையதற்கும் இருக்கும் என்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு எண்ணிலும் ஐந்தைந்து அடி, துப்பாக்கியை மணல்பை மேல் சாய்த்து. அவ்வளவே.

பலூன் கடைத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு ரைஃப்லிங் கிடையாது, வழுக்கைப் பேரல். அவற்றில் இந்த எண் ஆராய்ச்சி வீண். லூசாக விழாமல் இருந்தால் போதும்.

தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை

சாவித் துவாரம் மாதிரி கிழிந்திருந்தால் பெல்லட் குட்டிக்கரணம் போட்டுப் போகிறது. லூசான தலை, நசுங்கிய பாவாடை, அல்லது அவசரத்தில் பாவாடை முன்னால் வரும்படி திருப்பிப் போட்டது. கூட்ட நேரத்தில் கடைப் பையன்கள் இப்படித்தான் போடுவார்கள்.

இந்த மூன்றும் இல்லை என்றால் பேரல் வாயைப் பாருங்கள். காதுக்குச்சியை வாயின் உள்விளிம்பில் சுற்றித் தேய்த்தால், எங்கே பஞ்சு மாட்டி நூல் இழுக்கிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. இரும்புக் கம்பி விட்டுக் குடைந்து சுத்தம் செய்த துப்பாக்கிகளில் இது சகஜம். பேரலை ஃபெல்ட் துண்டு கட்டிய நூலால் பின்வாயிலிருந்து முன்வாய்க்கு இழுத்துத் துடைப்பதே சரி.

பெல்லட் மேல் வெள்ளைத் தூள்

வடசென்னைக்காரர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று சும்மா இருக்காது. புதிய ஈயம் வெட்டிய இடத்தில் வெள்ளி மாதிரி மின்னும், சில நாளில் சாம்பல் நிறமாகும். அந்தச் சாம்பல் நல்லது, ஈயத்துக்கு அதுவே கவசம். ஈரமும் உப்பும் டப்பாவுக்குள் புகுந்து, கூடவே மர அலமாரியிலிருந்தும் அட்டைப்பெட்டியிலிருந்தும் கசியும் அமில ஆவியும் சேர்ந்தால், கவசம் உடைந்து வெள்ளைத் தூள் பூக்கும். பூத்த பெல்லட் பருத்து, தலை எந்த அளவிலும் நிற்காது. பாவாடை பொடிந்துபோகும்.

போன வருஷம் ஒரு அக்கா கொண்டுவந்த டப்பாவைத் திறந்ததும் திருநீறு டப்பாவோ என்று நினைத்தேன். கடலைப் பார்த்த வீடு, மர அலமாரி, மூன்று மழைக்காலம். "கழுவிக் குடுப்பா, ஐந்நூறு குண்டு இருக்குது" என்றார். கழுவலாமா என்றால், லேசான சாம்பலும் தூசியும் இருந்தால் கழுவலாம்: வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மெதுவாக அலசல், துணியில் பரப்பி நிழலில் உலர்த்தல், கடைசியில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தடவிய பையில் உருட்டல். வெள்ளைத் தூளே உதிர்ந்தால் கழுவக் கூடாது. அது ஈய விஷம், மூச்சிலும் கையிலும் ஏறும். வினிகர், எலுமிச்சை போட்டுப் பளபளப்பாக்குவது அதைவிட மோசம், ஈயத்தைக் கரைத்துத் தண்ணீரையே விஷமாக்கும். அந்த டப்பாவை அப்படியே பாலித்தீன் பையில் கட்டி, பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுக்கச் சொன்னேன். அக்காவுக்கு மனசே இல்லை. ஐந்நூறு பெல்லட் ஆயிற்றே.

மீன்பிடி வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறோம், இதையும் உருக்கினால் என்ன என்று காசிமேட்டில் கேட்பார்கள். வீட்டு அடுப்பில், பிள்ளைகள் சுற்றும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றைச் சத்தமாகச் சொல்கிறேன். பலூன் கடையில் பையன்கள் கை காலியாக இருக்கட்டும் என்று நாலைந்து பெல்லட்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். ஈயம் வளரும் பிள்ளையின் மூளையில் வேலை காட்டும். கடைக்காரரே, அவனுக்கு ஒரு டீக்கிண்ணம் கொடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு பஜ்ஜி சாப்பிடட்டும்.

சேமிக்க: மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மர அலமாரிக்குப் பதில் ஸ்டீல் பீரோ.

புகை வருகிறது, பட்டாசு போல வெடிக்கிறது

இதில் பெல்லட்டுக்குப் பங்கு குறைவு. சிலிண்டருக்குள் எண்ணெய் கூடிவிட்டது, இறுகும் காற்றின் சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றுகிறது. வாஷர் காய்ந்துவிட்டது என்று யாரோ தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றியிருப்பார்கள். தோல் வாஷருக்கு சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பெல்லட்டுக்கு எண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவைக் குளிப்பாட்டினாலும் இதே கதைதான். பத்திருபது அடியில் எண்ணெய் எரிந்து அடங்கும். அடங்கவில்லை என்றால் கழற்றித் துடைக்க வேண்டும்.

"புஸ்" என்ற சத்தம், பலூன் வரை போய் விழுகிறது

இப்போதுதான் துப்பாக்கியைச் சந்தேகிக்கலாம். பொருந்தும் என்று தெரிந்த பெல்லட் ஒன்றைப் போட்டு, பேரல் மூடும் இடத்தின் மேல் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வைத்துச் சுடுங்கள். கீற்று பறந்தால் பின்வாய் வாஷர் கசிகிறது, பத்து நிமிட வேலை. அசையவில்லை என்றால் பிஸ்டன் வாஷர் அல்லது ஸ்பிரிங், கொண்டுவாருங்கள்.

சுட்டது, ஆனால் வெளியே வரவில்லை

இரண்டாவது பெல்லட் போட்டு முதலாவதைத் தள்ளலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. வேண்டாம். இரண்டும் உள்ளே நின்றுவிட்டால் வேலை இரட்டிப்பு. ஸ்பிரிங் இறங்கியிருக்கிறதா என்று உறுதிசெய்து, பேரலை மடக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு பேரலுக்குள் தாராளமாகப் போகும் பித்தளைக் குச்சியை முன்வாயிலிருந்து விட்டுப் பின்வாய் வழியே தள்ளுங்கள். வெளியே வந்த பெல்லட்டைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். தலையைச் சுற்றி மெல்லிய கீறல்கள் சம இடைவெளியில் இருந்தால் அளவு சரி, காற்றுதான் போதவில்லை. இடுப்பு வரை ஆழமாக வழித்திருந்தால் தலை பெரியது. இரும்பு உருண்டை வந்து விழுந்தால், விளையாட்டுத் துப்பாக்கிக் குண்டை யாரோ போட்டிருக்கிறார்கள். அது ரைஃப்லிங்கைத் தின்னும், பலகையில் பட்டால் கண்ணுக்கே திரும்பி வரும்.

டப்பாவில் 4.5-உம் இல்லை, 0.177-உம் இல்லை

பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் தன் அப்பாவின் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியில் ஆங்கிலத்தில் "நம்பர் 1 போர்" என்று மட்டும் இருந்தது. பழைய பிரிட்டிஷ் வழக்கு அது. நம்பர் 1 என்றால் 0.177, நம்பர் 2 என்றால் 0.22, நம்பர் 3 என்றால் 0.25. நம் துப்பாக்கிக்குப் பொருந்தும் டப்பாதான். கண்ணாடியில் உருட்டினோம். இருபதில் ஏழு ஒரே இடத்தில் நின்றன, மீதி ஆளுக்கொரு திசை. அந்த ஏழு பெல்லட்டையும் அவரே என் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் மணல்பெட்டியில் சுட்டார், ஐந்து ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. மீதி பெல்லட்டை என்னிடம் கொட்டிவிட்டு, டப்பாவை நன்றாகத் துடைத்துத் தரச் சொல்லி வாங்கிப் போனார்.